படுத்தாலும் ஓயாத தமிழ்த்தென்றல்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



நம் மாணவர் பேரவையின் ஆண்டு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, நான் கொஞ்சமும் யோசிக்காமல் திரு.வி.க. என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விஸ்வேஸ்வரய்யா இருக்கிறார், ஜி.டி. நாயுடு இருக்கிறார், நம்ம டிபார்ட்மெண்டுக்குப் பொருத்தமா எழுதக் கூடாதா என்று இழுத்தார். நான் திருப்பிக் கேட்டேன். நம்ம சீனியர்கள் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் வேலை தேடுகிறார்களே கிண்டி தொழிற்பேட்டை, அதற்கு யார் பெயர்? திரு.வி.க. தொழிற்பேட்டை! லேத் சத்தம் கேட்கிற இடத்துக்கு ஒரு தமிழ்ப் புலவரின் பெயரை ஏன் வைத்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? செயலாளர் சிரித்துவிட்டு, சரி எழுது என்றார்.

அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அது என் அப்பா. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால், பெரிய அரசியல் தலைவரான இந்த மனிதருடைய வாழ்க்கையில் கடைசி நாலைந்து வருஷத்தையே ஏன் இவன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறான் என்று உங்களுக்குத் தோன்றும்.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே. நான் பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பங்குனி மாதம், அப்பா புளி உலுக்க மரம் ஏறினார். கிளை முறிந்தது. ரோடு வரைக்கும் தூளி கட்டித் தூக்கி வந்து, அங்கிருந்து ஜீப்பில் கீழே இறக்கினார்கள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இந்த மாதிரி அடிபட்டவரை இடுப்பு வளையாமல் ஒரு பலகையில் நேராகக் கிடத்தித்தான் தூக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு இப்போது 44 வயது. நாள் முழுக்க ஓட்டையும் வாசலையும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். இது போதும். இனி திரு.வி.க.

அவருடைய முழுப்பெயர் திருவாரூர் விருத்தாசலம் கலியாணசுந்தரம். முன்னோர் ஊர் திருவாரூர். ஆனால் அவர் பிறந்தது அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில், 1883 ஆகஸ்டு 26 அன்று. தந்தை விருத்தாசலம், தாய் சின்னம்மாள். முதலில் தந்தையிடமே எழுத்தும் எண்ணும் கற்றார். பிறகு குடும்பம் சென்னை இராயப்பேட்டைக்கு வந்தது. 1894-ல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தார்.

அந்த வயதில்தான் அது நடந்தது. நோய் வந்து, கையும் காலும் முடங்கிப் போயின. ஓடியாடித் திரிய வேண்டிய பையன் வீட்டோடு கிடந்தான். பள்ளிக்கூடம் நின்றது. 1898-ல்தான் மறுபடி பள்ளிக்குப் போனார். நான்கு வருடம்! நமக்கு ஒரு அரியர் விழுந்தாலே உலகம் முடிந்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம். தன்னோடு படித்த பையன்கள் எல்லாரும் மேலே போய்விட, சின்னப் பையன்களோடு திரும்பப் போய் பெஞ்சில் உட்காருவது என்றால் எப்படி இருந்திருக்கும்?

வரலாற்று நூல்கள் இந்த முடக்கத்தை இரண்டு வரியில் தாண்டிப் போகின்றன. கை கால் சரியாகிவிட்டது அல்லவா, அதனால் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள் போலும். எனக்கு அப்படித் தாண்ட முடியவில்லை. ஊரெல்லாம் நடமாடும்போது தான் மட்டும் படுத்திருப்பது என்ன என்பதை அவர் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பார்த்துவிட்டார். ஐம்பது வருடம் கழித்து மறுபடியும் படுக்கை வந்தபோது அது அவருக்குப் புது ஊர் இல்லை. இது என் ஊகம்தான்.

வெஸ்லி பள்ளியில் அவருக்கு வாய்த்த தமிழாசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளை. அந்தக் காலத்தில் வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று ஒரு கட்சியும் மருட்பா என்று ஒரு கட்சியும் சண்டை போட்டு, அது கோர்ட் வரைக்கும் போனது. கதிரைவேற் பிள்ளை மருட்பா கட்சி. ஆசிரியருக்காக மாணவர் கலியாணசுந்தரமும் கோர்ட்டுக்குப் போனார். 1904-ல் ஆறாம் படிவத் தேர்வு எழுத முடியாமல் போயிற்று. படிப்பு அதோடு சரி. பின்னாளில் வள்ளலாரின் சன்மார்க்கத்தையே ஊர் ஊராகப் பேசினவர் அவர் என்பது வேடிக்கையான விஷயம். வாத்தியாருக்காகப் பரீட்சையை விட்டார், அப்புறம் வாத்தியார் கட்சியையும் விட்டார்!

பிறகு ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு வேலை. அப்புறம் பள்ளி ஆசிரியர், வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917 டிசம்பரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ‘தேசபக்தன்’ நாளிதழுக்கு ஆசிரியரானார். 1920-ல் ‘நவசக்தி’ வார இதழ். ஆங்கிலம் கலந்து எழுதினால்தான் படித்தவன் என்று நினைத்த காலத்தில், அரசியலை நல்ல தமிழில் எழுதலாம், மேடையில் பேசலாம் என்று செய்து காட்டினார். தமிழ்த்தென்றல் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல.

1918-ம் வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. பி அண்டு சி மில் என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். அங்கே தொழிலாளிக்குச் சாப்பாட்டு நேரம்கூடச் சரியாகக் கிடையாது. செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சலு நாயுடுவும் முன்கை எடுக்க, பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத்தலைவராக, 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். கிண்டியில் அவர் பெயர் இருப்பதன் நியாயம் இதுதான்.

அதே 1918 செப்டம்பரில் அவர் மனைவி கமலாம்பாள் காசநோயால் இறந்தார். திருமணம் நடந்து ஆறே ஆண்டு. பிறந்த ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் அதற்கு முன்னமே இறந்துவிட்டன. ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு முன்னால் நின்ற மனிதர், ஐந்து மாதத்தில் ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பினார். மறுபடி மணம் செய்துகொள்ளவில்லை. ‘பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை’ என்ற அவருடைய நூல் 1927-ல் வந்தது. தலைப்பைப் பார்த்தால் உபதேசப் புத்தகம் போலிருக்கிறது. இறந்துபோன மனைவியை மனதில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதியது என்று தெரிந்து படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. துக்கத்தை நேராகச் சொல்ல முடியாதவர்கள் இப்படிச் சுற்றி வந்து சொல்வார்கள் என்று எனக்குப் படுகிறது.

அரசியலை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1921-ல் மில்லில் ஆறு மாத வேலைநிறுத்தம், அவரை நாடு கடத்தப் போவதாக அரசாங்கத்தின் மிரட்டல். 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தலைவர். பெரியார் வகுப்புரிமைத் தீர்மானம் கொண்டுவந்து, அது ஏற்கப்படாமல் வெளியேறிய மாநாடு அதுதான். கட்சி வேறானாலும் இருவர் நட்பும் அறுந்துபோகவில்லை. 1944-ல் தன் வரலாற்றை ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்று பெரிய நூலாக எழுதினார். 1947-ல் மில் தொழிலாளர் போராட்டத்தின்போது, 60 வயதைத் தாண்டிய அவரை வீட்டுக் காவலில் வைத்தார்கள்.

இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம் வருகிறது தோழர்களே!

வாழ்நாள் முழுவதும் படிப்பதும் எழுதுவதுமே தொழிலாக இருந்தவருக்கு முதுமையில் கண் மங்கத் தொடங்கியது. மங்கி மங்கி, கடைசியில் பார்வையே போய்விட்டது. உடம்பும் ஓய்ந்து படுக்கையோடு சேர்ந்தது. சேர்த்து வைத்த சொத்து இல்லை. மனைவி, மக்கள் இல்லை. இந்த நிலைமையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். பத்திரிகை நடத்த முடியாது. பார்க்க வருகிறவர்கள் ஐயோ பாவம் என்று பழத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

அவர் சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்படியே 1950-லிருந்து புத்தகம் புத்தகமாக வந்தன. அதுவும் செய்யுளில்! ‘இருளில் ஒளி’ 1950-ல். ‘பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்’ 1951-ல். அதே ஆண்டில் இன்னொரு நூல், பெயர் ‘முதுமை உளறல்’. 1953-ல், அதாவது அவர் மறைந்த வருடத்தில், ‘வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல்’.

கள்ளக்குறிச்சி நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தின் பின்பக்கத்துப் பட்டியலில்தான் இந்தப் பெயரைப் பார்த்தேன். படுக்கைப் பிதற்றல்! நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா ராத்திரியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால், பிதற்றுகிறார் என்றுதான் ஆயா சொல்லும். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் எல்லாரும் குரலைத் தாழ்த்திச் சொல்வோம். இந்தப் பெரியவரோ அதையே எடுத்துப் புத்தகத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். கிழவன் உளறுகிறான், படுத்தவன் பிதற்றுகிறான் என்று ஊர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால், அப்புறம் ஊருக்குச் சொல்ல என்ன மிச்சம்? அடக்கத்துக்காக வைத்த பெயர் என்று சிலர் சொல்லலாம். கொஞ்சம் குறும்பும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்தச் செய்யுள்கள் அவருடைய நல்ல எழுத்தா என்றால், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவருடைய உரைநடைதான் பிடிக்கும். செய்யுள் கொஞ்சம் கடினமாகவே இருக்கிறது. ஆனால் கண் தெரியாமல் படுத்திருக்கிற ஒருவருக்குச் செய்யுள் வசதி என்று பிற்பாடு புரிந்தது. எதுகையும் மோனையும் பிடித்துக்கொண்டால் எழுத ஆள் வரும்வரை மனதில் நிற்கும். உரைநடை நிற்காது, ஓடிவிடும். நம் பாஷையில் சொன்னால், ஒர்க்பீஸ் நகராமல் கிளாம்ப் போட்டுப் பிடிக்கிற மாதிரி!

கிளாம்ப் என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறார். நிக்கொலாய் ஒஸ்திரோவ்ஸ்கி, உக்ரைனில் 1904-ல் பிறந்தவர். மூட்டுகள் ஒவ்வொன்றாக இறுகி இருபத்து சொச்ச வயதிலேயே படுக்கையில் விழுந்தார், கண்ணும் போயிற்று. அட்டையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, அதற்கடியில் தாளை வைத்து, பென்சில் வரி மாறாமல் ஓடும்படி செய்துகொண்டு எழுதினார். அசல் ஜிக்! கை அசையாமல் போனபிறகு சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். அந்த நாவல் தமிழில் ‘வீரம் விளைந்தது’ என்ற பெயரில் பல பதிப்பு வந்திருக்கிறது. 1936-ல் தம் 32-வது வயதில் இறந்தார். கால் நடக்கவும் இல்லை, கண் திறக்கவும் இல்லை. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். படுத்தவர் எழுதினார், எழுந்து நடந்தார் என்று கதை சொன்னால் படுத்திருக்கிறவருக்கு அது துரோகம்.

திரு.வி.க. கதையை அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நீ சொல்லுப்பா, நான் எழுதறேன் என்றேன். அவர் என்ன பெரிய அய்யா, நான் மலையில் கிடக்கிறவன், நான் சொல்ல என்னடா இருக்கு என்று திரும்பிக்கொண்டார். திரும்பிக்கொண்டார் என்றால் முகத்தை மட்டும். உடம்பை நாங்கள்தான் இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி தானாகவே ஆரம்பித்தார். முதலில் வெறும் கணக்கு. யார் யார் எத்தனை தூக்குப் புளிக்குப் பணம் பாக்கி, எந்தக் காட்டுக் கடுக்காய் யாருக்குப் போயிற்று. ரெக்கார்டு நோட்டில் மிச்சம் இருந்த பக்கத்தில் எழுதினேன். மூன்றாம் வாரம் முதல்முதலாக மலையை விட்டு இறங்கிக் கள்ளக்குறிச்சியைப் பார்த்த கதை. ஆறாம் வாரம் மரத்திலிருந்து விழுந்த அன்று.

அதைச் சொல்லி முடித்து அப்பா அழுதார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்கிற நோவு போதாதா, நீ வேற கிளறி விடறியா, படிக்கப் போன பையன் செய்யற வேலையா இது என்று என்னைத் திட்டித் தீர்த்தது. நோட்டை மூடி வைத்துவிட்டேன். நான் செய்தது தப்போ என்று இரண்டு வாரம் ஹாஸ்டலில் தூக்கமில்லை.

அந்தச் சமயத்தில் இன்டர்நெட்டில் தேடினபோது, 1986-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர், 46 கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார். சிலருக்குச் சாதாரண விஷயம், சிலருக்கு வாழ்க்கையில் மனதை உலுக்கிய சம்பவம். நடந்ததையும் அப்போது மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே முன்னைவிடச் சோர்ந்துதான் போனார்கள். ஆனால் அடுத்து வந்த ஆறு மாதத்தில், கல்லூரி மருத்துவ நிலையத்துக்கு அவர்கள் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிறகு எத்தனையோ பேர் இதே மாதிரி செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பலன் இல்லை, சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு ஒன்றுமில்லை. மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் இது மாற்றும் இல்லை. ஆனாலும் அந்த முதல் நாள் அழுகை தப்பில்லை என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அப்பாவே நோட்டு எங்கடா என்றார். போன தடவை எழுதினதைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பத்தாவதில் தமிழில் வகுப்பில் முதல் மார்க் வாங்கினவன் அல்லவா நான்? மரத்தினின்றும் வீழ்ந்தேன் என்று எழுதி வைத்திருந்தேன். அப்பா சிரித்துவிட்டார்! விழுந்ததிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். நான் எங்கடா வீழ்ந்தேன், பொத்துனு வுழுந்தேன், அப்படியே எழுது என்றார். அடித்துவிட்டு எழுதினேன். இன்னொரு இடத்தில், கிளை முறிந்ததை முன்னாலும் பயத்தைப் பின்னாலும் போட்டிருந்தேன். இல்லை, பயம்தான் முதலில் வந்தது, அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது என்று மாற்றச் சொன்னார். எப்போது மருந்து, எப்போது குளியல், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்று எல்லாவற்றையும் நாங்களே முடிவு செய்கிற வீட்டில், அந்த நோட்டில் மட்டும் அவர் சொன்னதுதான் சட்டம்.

திரு.வி.க.வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். சொன்னதை மாற்றாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சீரை மாற்று என்றால் முழு வரியையும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். கண் தெரியாதவர் கேட்டுத்தான் சரிபார்ப்பார். எத்தனை ராத்திரி, எத்தனை விளக்கு எண்ணெய், எத்தனை கை மாறியிருக்குமோ!

திரு.வி.க. 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார். வயது 70. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது, ஆகவே இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படிக்கலாம். சென்னையில் திரு.வி.க. நகர் இருக்கிறது, திருவாரூரில் அவர் பெயரில் அரசு கலைக்கல்லூரி இருக்கிறது, கிண்டி இருக்கவே இருக்கிறது.

போன மாதம் எங்கள் நோட்டு 80 பக்கத்தைத் தாண்டியது. பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டினேன். என்ன பேர் வைக்கலாம் என்று அப்பாவைக் கேட்டேன். அந்த அய்யா புத்தகத்துக்கு என்னமோ ரெண்டு பேர் சொன்னியே, நடுவுல அல்லதுன்னு போட்டு, அந்த மாதிரியே நமக்கும் வை என்றார். முதல் பேர் உடனே சொல்லிவிட்டார். இரண்டாவதற்கு யோசிக்க வேண்டும், அவசரப்படாதே என்றார். ஆகவே லேபிளில் இப்போதைக்கு, புளியமரம் அல்லது என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.